விட்டவன் விழுக்காடு: பேரரசும் நெற்களமும்

1

பேரரசு என்று யாராவது பேச்செடுத்தால் நம்மிடம் இரண்டு கதையாடல்கள் தயாராக இருக்கின்றன. விஜயநகரம் வந்தது, துருக்கர் கையிலிருந்து தெற்கை மீட்டது, பூட்டிக்கிடந்த கோயில்களைத் திறந்தது என்பது ஒன்று. வடுகர் வந்தார்கள், தமிழ் மன்னர்கள் போனார்கள், நிலமும் மொழியும் கைவிட்டுப் போயின, இருண்ட காலம் தொடங்கிற்று என்பது மற்றொன்று. முதல் கதை மயிலாப்பூரில் சொல்லப்படுவது, இரண்டாவது தியாகராய நகரில் சொல்லப்படுவது என்று நண்பர் ஒருவர் கிண்டலாகச் சொல்வார். கிண்டலில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பார்த்தே நமக்குப் பழகிவிட்டது. எனக்கென்னவோ இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன என்று படுகிறது: ஆண்டவன் யார், நம்மவனா அந்நியனா? ஆண்டது எப்படி என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. ஆண்டவன் என்ற சொல்லே கடவுளுக்கும் ஆட்சி செய்தவனுக்கும் பொதுவாக இருக்கிற மொழி நம்முடையது. அந்தப் பொதுமை எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் யார் ஆண்டான் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது பாதிக் கேள்விதான்.

பதினைந்திலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு வரை நிலத்தை நம்பிய பேரரசுகள் ஆசியாவை ஆண்டன. துருக்கியில் ஒட்டோமானியர், பாரசீகத்தில் சஃபாவியர், வடக்கே முகலாயர், தெற்கே விஜயநகரத்தாரும் அவர்களுடைய நாயக்கர்களும். கடல் வாணிபத்தின் வருமானம் இவர்களுக்கும் வந்தது. ஆனால் படைக்குச் சோறு போட்டது வயல். ஆகவே மூன்று கேள்விகள். அதிகாரம் கைக்கு வந்தது எப்படி? வந்ததற்கு நியாயம் சொன்னது எப்படி? வந்ததைப் போகாமல் பிடித்துவைத்தது எப்படி? சரித்திரக்காரர்கள் இதற்குத் தனித்தனி அத்தியாயம் எழுதுவார்கள். நான் தமிழ் படித்தவன். எனக்குத் தெரிந்த வழி சொல்லின் வழி. தமிழில் களம் என்றால் போர்க்களம். களம் என்றால் நெற்களமும்தான். போர் என்றால் சண்டை, வைக்கோற்போரும் போர்தான். நம் புறப்பொருள் இலக்கணம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏர்க்களவழி, மறக்களவழி என்று துறை வகுத்து, ஒன்றைக்கொண்டு மற்றதைப் பாட இடம் கொடுத்தது. மறக்களவழியை யானையும் குருதியுமாக வாசித்து முடித்துவிடுகிறோம். அந்த உருவகத்தைத் திருப்பிப்போட்டு, நெற்களத்தைப் போர்க்களமாக வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரை.

2

முதலில் போர்க்களம். மார்ஷல் ஹாட்ஜ்ஸன், வில்லியம் மக்நீல் போன்றவர்கள் இந்த அரசுகளுக்கு 'வெடிமருந்துப் பேரரசுகள்' என்று பெயர் வைத்தார்கள். 1514-இல் சால்டிரானில் ஒட்டோமானியரின் பீரங்கி சஃபாவியரின் குதிரைப்படையை முறித்தது. 1526-இல் பானிப்பட்டில் பாபர் ஜெயித்தார். 1565-இல் தலைக்கோட்டையில் ராமராயர் தலை விழுந்தது. பீரங்கி விலை அதிகம், குறுநில மன்னனுக்குக் கட்டுப்படியாகாது, எனவே பீரங்கி வைத்திருந்தவன் பேரரசன் ஆனான். வாதம் ரொம்ப நேர்த்தியானது. நேர்த்திதான் அதன் பலவீனமும்.

நம் ஊரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்ததைத் தனக்குத் தருவதாகச் சொன்னார்களே என்று ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் தன் மகன் மாபூஸ்கானை அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸ் என்பவனின் சிறு படை, சில நூறு பிரெஞ்சுக்காரரும் 700 சிப்பாய்களும் என்று சொல்வார்கள், அடையாற்று முகத்துவாரத்தில் நவாபின் பெரிய சேனைக்கு எதிரே ஆற்றில் இறங்கி ஏறிவந்தது. நவாபு படை பத்தாயிரம் என்று கணக்கு. வரிசை கலையாமல் சுட்டுக்கொண்டே வந்தவர்கள் முன்னால் அந்தப் பத்தாயிரம் நிற்கவில்லை. சாந்தோம் தெருக்களில் நெருக்கியடித்து ஓடிற்று. முகலாயப் பேரரசின் தென்கோடிக் கிளை ஒன்று அன்று அடையாற்றில் தோற்றது. வெடிமருந்துப் பேரரசை வெடிமருந்தே வென்றது என்று எழுதி முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் முடியவில்லையே. அடையாற்றில் ஜெயித்தபின் டூப்ளே என்ன செய்தான்? 1750-இல் முசாபர் ஜங் கையால் ஏழாயிரம் குதிரை மன்சபும் பட்டமும் வாங்கிக்கொண்டு நவாபு உடுப்பில் கொலுவிருந்தான். தோற்றவனுடைய பட்டம் ஜெயித்தவனுக்கு எதற்கு? இங்கிலீஷ்காரனும் அப்படித்தான். 1765-இல் வங்காளத்தின் திவானியை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை, கைப்பாவை போலிருந்த ஷா ஆலம் பாதுஷாவிடம்தான் எழுதி வாங்கினான். கர்நாடகத்தை முழுசாக விழுங்க அவனுக்கு 1801 வரை ஆயிற்று. அடையாற்றிலிருந்து அந்த வருஷத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல். பீரங்கி ஒரு பகல் வேலையை முடித்துக்கொடுத்தது. மிச்சமிருந்தது காகித வேலை.

3

காகிதம் என்று நான் சொல்வது நியாயத்தை. பேரரசு எதுவும் தன் நியாயத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டதில்லை. முன்னவனிடமோ பெரியவனிடமோ கடன் வாங்கியிருக்கிறது. சென்னையின் சரித்திரமே இப்படிக் காகிதம் புதுப்பித்த சரித்திரம். 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் கும்பெனிக்கு மதராசப்பட்டினத்தில் இடம் கொடுத்தார். அவர் சந்திரகிரி ராயரின் நாயக்கர். 1645-இல் கும்பெனி அதையே ஸ்ரீரங்கராயரிடம் புதுப்பித்துக்கொண்டது. கோல்கொண்டா வந்ததும் அவர்களிடம் புதுப்பித்தது. 1672-இல் வருஷத்துக்கு 1200 வராகன் என்று நிரந்தர வாடகை பேசி முடித்தது. 1687-இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவை எடுத்துக்கொள்ள, 1690-இல் முகலாயரிடம் புதுப்பித்தது. பக்கத்தில் சாந்தோமோ போர்த்துக்கீசியர், கோல்கொண்டா, 1672 முதல் 1674 வரை பிரெஞ்சுக்காரர், திரும்பக் கோல்கொண்டா, முகலாயர், நவாபு என்று கைமாறி 1749-இல் இங்கிலீஷ்காரனிடம் வந்தது. கொடி மாறிக்கொண்டே இருந்தது. காகிதத்தின் வாசகம் மட்டும் அதிகம் மாறவில்லை: இன்னாருக்கு இன்ன ஊரின் வருமானம், அதற்குப் பதில் இன்ன கடமை.

மயிலாப்பூர்க் கதையாடல் இடறி விழும் இடம் இதுதான். விஜயநகரம் இஸ்லாத்துக்கு எதிரே கட்டிய மதில் என்று ராபர்ட் சீவெல் தொடங்கி, கிருஷ்ணசாமி ஐயங்கார், நீலகண்ட சாஸ்திரி என்று நம் பல்கலைக்கழகச் சரித்திர ஆசிரியர்கள் பலர் வெவ்வேறு அழுத்தத்தில் எழுதினார்கள். அந்த மன்னர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பட்டங்களில் ஒன்றோ 'ஹிந்துராய சுரத்ராண'. சுரத்ராண என்பது சுல்தான் என்ற சொல்லின் வடமொழி உடை. இந்து அரசர்களுக்குள் நான் சுல்தான் என்கிறான் அவன். எதிரியின் சொல்லைத் தன் கிரீடமாக வைத்துக்கொண்டவனை எதிரிக்கு மதில் என்று எப்படிச் சொல்வது? திருமலையில் கிருஷ்ணதேவராயரின் செப்புப்படிமம் இரண்டு தேவியரோடு கைகூப்பி நிற்கிறதே, அதன் தலையில் இருக்கும் உயரமான தொப்பியைப் பாருங்கள். பிலிப் வேகனர் என்ற அறிஞர் 1996-இல் எழுதிய கட்டுரையில் அந்த உடுப்பையும் தொப்பியையும் விளக்குகிறார். பாரசீகக் குல்லாவின் வழிவந்தது அது. நம் குல்லாய் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். பெருமாள் முன்னால் பாரசீகக் குல்லாய். யாருக்கு யார் குல்லாய் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தியாகராய நகர்க் கதையாடலும் இங்கே தப்பிப்பதில்லை. 'அந்நியர்' என்ற ஒரே சொல்லுக்குள் நாயக்கர், மராட்டியர், நவாபு, கும்பெனி எல்லோரையும் அடைத்துவிட்டால், அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு ஊரிலும் கணக்கு எழுதியவர், பங்கு வாங்கியவர், காவல் வரி தண்டியவர் எல்லாம் யார் என்ற கேள்வி காணாமல் போகிறது. அவர்கள் அந்நியர் இல்லை. அவர்களில் பலர் நம் பாட்டனார்கள்.

4

காகிதம் அரசவைக்குப் போதும். ஊருக்குப் போதாது. படித்தவனுக்கு ஃபர்மான், படிக்காதவனுக்கு? அங்கேதான் கொடை வருகிறது.

கொடையைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்த மிக நல்ல சொல் திருப்பதிக் கல்வெட்டுகளில் இருக்கிறது: விட்டவன் விழுக்காடு. ஒருவர் கோயிலுக்குப் பொன்னோ ஊரோ விடுகிறார். கோயில் அந்தப் பொன்னைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் தன் ஊர்களில் ஏரி வெட்ட, கால்வாய் எடுக்கச் செலவழிக்கிறது. நீர் பாய்ந்து விளைச்சல் கூடுகிறது. கூடிய விளைச்சலிலிருந்து விட்டவர் பேரில் தினமும் அமுதுபடி. படைத்த பிரசாதத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் நாலில் ஒன்று, விட்டவருக்கே திரும்புகிறது. அதுதான் விட்டவன் விழுக்காடு. அந்தப் பங்கை அவர் தாமே உண்ணலாம், இன்னொருவருக்கு மாற்றித்தரலாம், மடத்துக்கு எழுதிவைக்கலாம். பர்ட்டன் ஸ்டெய்ன் 1960-இல் இந்தப் பொருளாதாரத்தை எழுதினார். அர்ஜுன் அப்பாதுரை அதிலிருந்து அரசியலுக்கு வந்தார். தெலுங்கு வீரன் தமிழ் நாட்டுக்குள் வருகிறான். இங்கே அவனுக்கு வேரில்லை, உறவில்லை, மொழியும் இல்லை. சாளுவ நரசிம்மன் காலத்தில் கந்தாடை ராமானுஜ ஐயங்கார் போன்ற ஒரு சம்பிரதாயத் தலைவர் நடுவில் நிற்கிறார். வீரன் கொடுக்கிறான், தலைவர் பெற்றுப் பகிர்கிறார், தெய்வம் இருவருக்கும் மரியாதை செய்கிறது. வாளால் வந்தவன் கோயில் வாசலில் பரிவட்டம் கட்டிக்கொண்டு வெளியே வரும்போது அவன் அந்நியன் இல்லை.

இதில் நான் கவனிக்கச் சொல்வது நாலில் ஒன்றை. ஊரில் விளைந்ததிலிருந்து எடுத்ததுதான் கொடையாகப் போகிறது. கொடையாகப் போனதில் கால்பங்கு, இப்போது புனிதமாகி, கொடுத்தவனுக்கே வருகிறது. எடுத்தபோது அது வரி, திரும்பி வந்தபோது பிரசாதம். இரண்டுக்கும் நடுவே ஒரு கருவறை. இந்த மாற்றத்தைச் செய்யத் தெரிந்தவனே பேரரசன். தெரியாதவன் வெறும் கொள்ளைக்காரன்.

இது இந்து சமயத்துக்கு மட்டும் உரிய தந்திரம் என்று நினைக்க வேண்டாம். சுலைமான் சுல்தானின் மனைவி ஹூர்ரம் 1550-களில் ஜெருசலேமில் ஓர் அன்னசாலை வைத்தாள். அதன் செலவுக்குப் பாலஸ்தீனக் கிராமங்களின் வருமானம் எழுதிவைக்கப்பட்டது. விளைவித்தவன் வரியாகக் கொடுத்தது சுல்தான் வீட்டு அம்மாள் புண்ணியத்தில் கஞ்சியாகப் போயிற்று. அக்பர் ஒருபடி மேலே போய்த் தினமும் காலையில் மாடத்தில் நின்று தரிசனம் கொடுத்தார். அதற்குப் பெயரே தரிசனம்தான். பொழுதுவிடிந்து பாதுஷா முகம் பார்த்த பிறகே சாப்பிடுவோம் என்று விரதமிருந்தவர்களும் உண்டு. ஔரங்கசீப் தன் ஆட்சியின் பதினோராம் ஆண்டுவாக்கில் அதை நிறுத்தினார். கொடையை மட்டும் அவராலும் நிறுத்த முடியவில்லை. முகமது அலி வாலாஜா நவாபும் பள்ளிவாசலுக்கு மட்டும் கொடுத்தவர் இல்லை. கபாலீசுவரர் கோயில் குளத்து நிலம் நவாபு கொடுத்தது, அதனால்தான் மொகரத்தன்று முஸ்லிம்களுக்கு அதில் பாத்தியதை என்று மயிலாப்பூரில் இன்றும் சொல்கிறார்கள். இதைக் கேட்டு மத நல்லிணக்கம் என்று உருகுவது நம் வழக்கம். உருகுங்கள், தப்பில்லை. ஆனால் கொடுத்தவர் அரசர் என்பதையும், கொடுப்பதே அவருடைய தொழில் என்பதையும் மறக்காமல் உருகுங்கள்.

5

இப்போது நெற்களத்துக்கு வரலாம். 1763-இல் நவாபு முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அடுத்த சில வருஷங்களில், 1767 தொடங்கி 1774 வரை, தாமஸ் பர்னார்ட் என்ற இஞ்சினீயர் அந்தச் சீமையின் சுமார் 2000 ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய கணக்குகளும் அதனோடு சேர்ந்தவை. அந்தக் கணக்குகளில் அரசன் எங்கே இருக்கிறான் என்று தேடினால், குவியலின் ஓர் ஓரத்தில் இருக்கிறான். கதிரடித்துத் தூற்றிக் குவித்த நெல்லில், அளப்பதற்கு முன்னும் அளந்த பின்னும் பங்குகள் பிரிகின்றன. கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியானுக்கு, நீர்பாய்ச்சும் கம்புகட்டிக்கு, பள்ளிவாசலுக்கு, ஃபக்கீருக்கு, காவல் என்ற பேரில் பாளையக்காரனுக்கு. மிச்சம் மேல்வாரம், குடிவாரம் என்று இரண்டாகும். மேல்வாரம் சர்க்காருக்கு.

இந்தப் பங்குகளுக்கு மேரை என்று பேர். இன்னொரு பேரும் உண்டு: சுதந்திரம். ஆமாம், அதே சொல்தான். களத்தில் எனக்குப் பாத்தியப்பட்ட பங்கு என் சுதந்திரம். நாம் 1947-க்குச் சூட்டிய சொல் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால் செங்கல்பட்டுக் களத்துமேட்டில் மரக்காலால் அளக்கப்பட்டது. சுதந்திரம் என்றால் பிறர் தலையீடு இல்லாமை என்பது புதிய அர்த்தம். பழைய அர்த்தம், குவியலில் ஒரு பங்கு.

பேரரசு பிடித்துவைத்துக்கொண்டது இப்படித்தான் என்பது என் கட்சி. ஒவ்வொருவருக்கும் ஒரு மரக்கால். அரசனை எதிர்ப்பது என்றால் குவியலின் ஒழுங்கை எதிர்ப்பது. குவியலின் ஒழுங்கைக் கலைத்தால் என் மரக்காலும் போகும். கொத்தளத்தில் பீரங்கி நின்றது கொஞ்ச ஊர்களில். மரக்கால் எல்லா ஊரிலும் இருந்தது. ஒட்டோமானியரின் திமார், முகலாயரின் மன்சபும் ஜாகீரும், விஜயநகரத்தின் நாயங்கரம் எல்லாம் இதே குவியலை மேலிருந்து பங்குபோடும் முறைகள். படை வைத்துக்கொள், இந்த ஊர்களின் மேல்வாரம் உனக்கு என்பதே சாரம். வித்தியாசம் ஒன்று உண்டு. முகலாயர் ஜாகீர்தாரைச் சில வருஷத்துக்கொருமுறை இடம் மாற்றினார்கள், களத்துக்குப் பக்கத்தில் அவன் வேர்விடக் கூடாது என்று. விஜயநகரத்து நாயக்கர்கள் வேர்விட்டார்கள். மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் ராயர் பெயரைச் சொல்லிக்கொண்டே தனி அரசர்களானார்கள். ராயர் சந்திரகிரிக்கும் வேலூருக்கும் ஒதுங்கினார். தாமர்ல வேங்கடப்பர் 1639-இல் கடற்கரையைத் தூக்கிக்கொடுக்க முடிந்தது அந்த நிலைமையில்தான். பேரரசு தோற்பது முதலில் போர்க்களத்தில் அல்ல.

எல்லோருக்கும் பங்கு என்றதும் சிலருக்குக் கண் கலங்கும். பழைய கிராமம் எத்தனை அழகாகப் பகிர்ந்து உண்டது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று பேசவும் செய்கிறார்கள். கெடுத்தான் என்பது மெய். கோயிலுக்கும் குளத்துக்கும் போன பங்குகளை வெட்டி அவன் மேல்வாரத்தைப் பெருக்கினான். ஆனால் பட்டியலின் கடைசி வரியைப் படிக்காமல் கண்கலங்கக் கூடாது. உழுது நட்டு அறுத்துப் போரடித்தவன், பெரும்பாலும் பறையர், பண்ணையாள் அல்லது படியாள். அவனுக்கும் களத்தில் படி உண்டு. அந்தப் படிதான் அவனை மிராசுதாரின் காணியோடு கட்டிப்போட்டது. பங்கு உண்டு, நிலம் இல்லை. மிராசு என்பது அரபிச் சொல், அதற்குமுன் காணியாட்சி. சொல் மாறியதே தவிர காணியாளர் மாறவில்லை. தரிசு நிலத்தில்கூட மிராசுதாருக்கே முதல் உரிமை என்று இங்கிலீஷ்காரன் சட்டம் அதை இறுக்கிற்று. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான், 1892-இல், அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். அதுவும் கைமாறிப்போய், திருப்பிக் கேட்டபோது 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் செத்தார்கள். களம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் அன்றைக்கு மறுபடி ஒன்றானது.

6

இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. பதினாறிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான எழுத்துக்குச் 'சிற்றிலக்கியம்' என்று பேர் வைத்து, சங்கத்துக்கும் பாரதிக்கும் நடுவே கிடக்கும் நலிவுக் காலமாக ஒதுக்கிவிட்டோம். எம்.ஏ. வகுப்பில் பள்ளு என்றால் நெல் வகை, மாட்டு வகை, மீன் வகைப் பட்டியல். மனப்பாடம் செய்து எழுதினால் மார்க். முக்கூடற் பள்ளின் கதைப்பின்னல் என்னவென்று யோசித்துப் பாருங்கள். பண்ணைக்காரன் ஒருவன். பள்ளன் ஒருவன். இரண்டு மனைவியர் சண்டை. பள்ளன் வயலைக் கவனிக்கவில்லை என்று புகார் போகிறது, தொழுவில் மாட்டுகிறார்கள், பிறகு விடுகிறார்கள், விதைக்கிறான், அறுக்கிறான், நெல்லுக்குக் கணக்கு சொல்லியாக வேண்டும். கோயிலுக்கு இவ்வளவு, இன்ன கட்டளைக்கு இவ்வளவு. இது பேரரசின் குவியல் இல்லாமல் வேறென்ன? சக்களத்திச் சண்டையை நகைச்சுவை என்று ரசித்தோம். தொழுக்கட்டையை மரபான உறுப்பு என்று குறிப்பெடுத்தோம். கணக்கைப் படிக்கவே இல்லை. ஆனால் அந்தப் பிரதியில் அதிகாரம் பேசும் இடம் கணக்குதான்.

நாராயணராவ், ஷுல்மன், சுப்ரமணியம் மூவரும் 1992-இல் நாயக்க அரசவை பற்றி ஒரு முக்கியமான புத்தகம் எழுதினார்கள். தஞ்சையில் அரண்மனைக்கும் கோயிலுக்கும் நடுவே கோடு அழிந்து, அரசனே உண்டு அனுபவிக்கும் தெய்வமாக, அன்னம் இடுபவனாகத் தன்னைப் பாடிக்கொண்டதை அது காட்டுகிறது. நம் தமிழ்த் துறைகள் அதை இன்னும் சரியாகச் செரித்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு குறை. அது அரசவைக்குள்ளிருந்து பார்க்கும் பார்வை. அன்னம் இட்டவனைப் பற்றிச் சொல்கிறது. அந்த அரிசி எந்தக் களத்திலிருந்து வந்தது என்று வெளிவாசலில் நிற்பவன் கேட்பான். அந்தக் கேள்வியைத் தமிழ் மாணவன் கேட்க வேண்டும், ஏனென்றால் பள்ளு அவன் கையில் இருக்கிறது.

இன்னும் இரண்டு கதைகள். மதுரை வீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். நாயக்கருக்குச் சேவகம் செய்து கள்ளரை அடக்குகிறான். அதே நாயக்கரின் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். பிறகு மீனாட்சி கோயில் கிழக்கு வாசலில் அவனுக்குக் கோயில். வெட்டியவனே இடம் கொடுக்கிறான். வாசலுக்கு வெளியே கொடுக்கிறான் என்பதையும் கவனியுங்கள். கூடவே, அவன் பிறப்பால் காசி ராஜகுமாரன், கைவிடப்பட்டுச் சக்கிலியரிடம் வளர்ந்தான் என்று கதைக்கு ஒரு முகப்பு. வீரம் சக்கிலியனுக்கு இருக்கலாகாது என்பதால் அவனுக்கு ஒரு ராஜ பிறப்பைக் 'கொடுத்து'விடுகிறார்கள். உயிரையும் எடுத்து, பிறப்பையும் எடுத்து, பதிலுக்கு ஒரு பூசை.

தேசிங்குராஜன் கதையைத் தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் அறிவோம். வீரம், குதிரை, முஸ்லிம் நண்பனின் தியாகம். 1714-இல் நடந்த அந்தச் சண்டையின் வேர் என்ன? தந்தை சொரூப் சிங்குக்கு ஔரங்கசீப் காலத்தில் கிடைத்த செஞ்சி ஜாகீர் மகனுக்கு உண்டா என்ற காகிதமும், நவாபு சாதுல்லா கான் கேட்ட பாக்கியும். கதைப்பாடல் பாக்கியை மானமாக மாற்றிவிட்டது. அதனால் அது பொய்யாகிவிடவில்லை. பாக்கி கேட்கப்படும்போதெல்லாம் மானம் போவதை அறிந்தவர்கள்தான் அதைக் கேட்டு அழுதார்கள். ஜெயித்த நவாபே தேசிங்கின் ராணி தீப்பாய்ந்ததை மெச்சி அவள் பேரில் ராணிப்பேட்டையை வைத்தார் என்று வழக்காறு. இங்கேயும் கொன்ற கையே கொடுக்கிறது. செத்தவனின் மானத்தில் கால்பங்கு ஜெயித்தவன் பேருக்கு வந்து சேர்கிறது.

7

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகங்களில் இன்றும் ஜமாபந்தி நடக்கிறது. 'வருவாய்த் தீர்வாயம்' என்று நல்ல தமிழில் பலகை வைத்தாலும் ஜனங்கள் வாயில் அது ஜமாபந்திதான், அவர் தாசில்தார்தான், வேண்டியது பட்டாதான். அந்தக் கணக்கு எந்த வருஷத்தில் எழுதப்படுகிறது தெரியுமா? பசலியில். அக்பர் காலத்து வருவாய்க் கணக்கிலிருந்து இறங்கிவந்த வருஷம் அது, நம் வருஷத்தில் 590-ஐக் கழித்தால் கிடைக்கும், ஜூலை முதல் தேதி பிறக்கும். முகலாயர் போனார்கள், நவாபு போனார், கும்பெனி போயிற்று. நெற்குவியலின் காலண்டர் போகவில்லை.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மட்டும் மிச்சம், லேக்கும் இல்லை வியூவும் இல்லை. பிராமணரல்லாதார் அரசியல் செய்த நீதிக்கட்சிக்காரர்கள் தங்கள் தலைவர்கள் பேரைப் பூங்காவுக்கும் தெருக்களுக்கும் வைத்தார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் பெயராகவே இருந்த ஊரில் தம் பெயரையும் எழுதிப்பார்க்கும் ஆசையில் நியாயம் இருந்தது. ஆனால் ஏரியை நம்பிப் பிழைத்தவர்கள் பெயரில் எந்தத் தெரு? கோயிலில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு ட்யூப் லைட் மேல் எழுதியிருக்கும் 'உபயம்', கோடையில் தண்ணீர்ப் பந்தலை மறைக்கும் அளவுக்குத் தொங்கும் தலைவர் படம், பொதுப்பணத்தில் வாங்கிய பொருளின் மேல் ஒட்டியிருக்கும் முகம் எல்லாம் விட்டவன் விழுக்காடுதான். எடுக்கும்போது நம்முடையது. கொடுக்கும்போது அவர்களுடையது. நாமும் கைநீட்டி வாங்கிக்கொண்டு, "யாரு குடுத்தா? அவருதானே குடுத்தாரு" என்கிறோம். பேரரசனுக்கு இதைவிட நல்ல மெய்க்கீர்த்தி கிடையாது.

இதை நாம் எப்படி உடைப்பது என்று கேட்டால், விமர்சகனால் செய்யக்கூடியது சிறிய வேலை. கொடையைப் பாடும் பிரதி எதையும் குவியலுக்குத் திருப்பிக் கொண்டுபோவது. பரிசு, பட்டம், பொன்னாடை, பதவி என்று இலக்கியவாதிகளுக்கு வரும் மரியாதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தனிப்பாடல் புலவர் பரிசில் வாங்கினார், வள்ளல் பெயர் நின்றது. புலவர் வாங்கிய நெல்லை விளைவித்தவன் பெயரை அந்தப் பாட்டில் தேடி எனக்குக் கிடைக்கவில்லை. நம்மை ஆண்டவன் தமிழனா, வடுகனா, துருக்கனா, வெள்ளையனா என்ற விசாரணையை இன்னும் நூறு வருஷம் நடத்தலாம். நடத்துகிறவர்களுக்கும் அதில் ஒரு விழுக்காடு உண்டு. களத்துமேட்டுக் கணக்கில் கடைசி வரியாக எழுதப்பட்டவர்கள் கேட்பது வேறு. அவர்கள் படி கேட்கவில்லை. சுதந்திரம் என்ற சொல்லின் பழைய அர்த்தத்தையும் புதிய அர்த்தத்தையும் சேர்த்தே கேட்கிறார்கள்: பங்கும் வேண்டும், நிலமும் வேண்டும், கொடுத்தவன் என்று ஒருவன் பெயரும் அதன்மேல் எழுதியிருக்கக் கூடாது.